கருவிலுள்ள உயிருக்காகச் செபிப்பது: ஒன்பது மாத வேண்டுதல் ஓர் அறிமுகம்

கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகளுக்கு மழலை மாறுவதற்கு முன்பே மனப்பாடமாகிவிடும் மன்றாட்டு ஒன்று உண்டு: ‘அருள் நிறைந்த மரியே வாழ்க.’ அதன் முதற்பாதி, நற்செய்தியாளர் லூக்கா எழுதிவைத்த இரண்டு வாழ்த்துகளை இணைத்து உருவானது. முதல் வாழ்த்து நாசரேத்தில் வானதூதர் கபிரியேல் சொன்னது. ‘பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே, உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே’ என்ற இரண்டாவது வாழ்த்து, யூதேய மலைநாட்டில் தம் வீட்டுக்கு வந்த மரியாவைப் பார்த்து வயது முதிர்ந்த எலிசபெத்து சொன்னது; ‘இயேசு’ என்ற பெயரை மட்டும் திருச்சபை பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது. அந்த வாழ்த்து சொல்லப்பட்ட நேரத்தில் இயேசு பிறந்திருக்கவில்லை. மரியா கருவுற்று அதிக நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஐந்து பத்துமணிகள் (பத்து மணிகள் சேர்ந்த பகுதிகள்) கொண்ட ஒரு செபமாலையில் இந்த மன்றாட்டு 53 முறை வருகிறது. கருவிலிருக்கும் ஒரு குழந்தையை வாழ்த்தும் சொற்களை, அப்படிச் செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல், கத்தோலிக்கர்கள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறவாத உயிர்களைக் காக்கும்படி வேண்டும் கத்தோலிக்கச் செபத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவர் இங்கிருந்து தொடங்குவது நல்லது. கருக்கலைப்புச் சட்டங்கள் பற்றிய கடந்த அரை நூற்றாண்டு விவாதத்தில் இந்தச் செபம் பிறந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். அந்த விவாதம் இதற்குப் புதிய வடிவங்களைத் தந்தது உண்மைதான். ஆனால் அதன் வேர் மிகப் பழைய இடத்தில், இரண்டு கருவுற்ற பெண்கள் சந்தித்துக்கொண்ட ஒரு வீட்டு வாசலில் இருக்கிறது.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம் அந்தச் சந்திப்பை விரிவாகச் சொல்கிறது. மரியாவின் குரல் காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றில் ஆறு மாதக் குழந்தையாக இருந்த யோவான் துள்ளினார் என்பது அங்குள்ள செய்தி. கிரேக்க மூலத்தில் லூக்கா இந்தக் குழந்தையைக் குறிக்க ‘ப்ரெஃபோஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். அடுத்த அதிகாரத்தில், துணிகளில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டிருந்த இயேசுவைக் குறிக்கவும் அதே சொல்லையே எழுதுகிறார். வயிற்றில் இருப்பதற்கு ஒரு பெயர், பிறந்ததற்கு வேறொரு பெயர் என்ற பாகுபாட்டை அவர் செய்யவில்லை. ‘என் தாயின் கருவில் எனக்கு உருத்தந்தவர் நீரே’ என்ற கருத்துடைய 139-ஆம் திருப்பாடலும், தாய் வயிற்றில் உருவாக்கும் முன்பே உன்னை அறிந்திருந்தேன் என்று இறைவன் எரேமியாவிடம் சொல்லும் பகுதியும் இந்த வேண்டுதல்களில் அடிக்கடி வாசிக்கப்படுகின்றன. இவற்றை யாரும் கருவியல் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திருப்பாடலின் ஆசிரியர் ஒரு கவிஞர். தம்மைத் தாமே அறியாத காலத்திலும் தம்மை அறிந்த ஒருவர் இருந்தார் என்ற வியப்பைத்தான் அவர் பாடுகிறார். ‘கரு எப்போது மனிதன் ஆகிறது?’ என்ற கேள்விக்கு முன்பாகவே, ‘இந்த உயிரை யார் அறிந்திருக்கிறார்?’ என்ற கேள்வியை அந்தப் பாடல் எழுப்பிவிடுகிறது.

முதற்கேள்விக்கும் திருச்சபையில் நீண்ட வரலாறு உண்டு. அது நேர்க்கோட்டில் வந்த வரலாறு அன்று. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட ‘திதாக்கே’ என்னும் சிறுநூல் கருவைச் சிதைப்பதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. கார்த்தேஜ் நகரத்துத் தொடக்ககால இறையியலாளர் தெர்த்துல்லியன், மனிதனாகப் போகிறவனும் மனிதனே, கனி முழுவதும் விதையிலேயே இருக்கிறது என்று வாதிட்டார். ஆனால் அரிஸ்டாட்டிலின் உயிரியலை ஏற்றுக்கொண்டிருந்த புனித தாமஸ் அக்குவினாசு, கருவில் பகுத்தறிவு ஆன்மா சில வாரங்கள் கழித்தே ஊட்டப்படுகிறது என்று கருதினார். இந்தக் கருத்தைக் காட்டி, ‘உங்கள் திருச்சபையே முன்பு வேறு விதமாகத்தானே போதித்தது’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆன்மா எந்த நாளில் ஊட்டப்படுகிறது என்பதில் இறையியலாளர்கள் மாறுபட்ட காலங்களிலும், கருவைக் கலைப்பது எந்த நிலையிலும் பெரும் தீமை என்பதில் அவர்கள் மாறுபடவில்லை என்பதே அதற்கான பதில். 1974-ஆம் ஆண்டு வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கைகூட ஆன்மா ஊட்டப்படும் கணத்தைத் தீர்மானிக்க முயலவில்லை. ஐயம் இருந்தாலும் ஒரு மனித உயிராக இருக்கக்கூடியதை அழிக்கத் துணிவதே குற்றம் என்று அது வாதிட்டது. புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று தெரியாத வேட்டைக்காரர் அம்பு எய்யக் கூடாது என்பது போன்ற வாதம் இது. இன்றைய மறைக்கல்வி நூல் 2270-ஆம் பத்தியில், கருவுற்ற கணம் முதல் மனித உயிர் முழுமையாக மதிக்கப்பட்டுக் காக்கப்பட வேண்டும் என்று நேரடியாகக் கூறுகிறது.

கோட்பாடு இவ்வளவுதான். அது செபமாக மாறும் இடம் திருவழிபாட்டு நாள்காட்டி. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘மங்கள வார்த்தைத் திருநாள்’ என்று அழைக்கும் ஆண்டவரின் பிறப்பு அறிவிப்புப் பெருவிழா மார்ச் 25 அன்று வருகிறது; கிறிஸ்து பிறப்புப் பெருவிழா டிசம்பர் 25 அன்று. இடையில் சரியாக ஒன்பது மாதங்கள். மே 31 அன்று மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா, ஜூன் 24 அன்று திருமுழுக்கு யோவானின் பிறப்பு என்று அந்த ஒன்பது மாதங்களுக்குள்ளேயே கதை நகர்கிறது. இதே கணக்கு மரியாவுக்கும் உண்டு. டிசம்பர் 8 அன்று அவர் தம் தாய் அன்னாவின் வயிற்றில் அமல உற்பவியாக, அதாவது பாவ மாசின்றி, கருவான பெருவிழா. அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் செப்டம்பர் 8, மரியாவின் பிறந்தநாள். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்து நடந்துபோகும் இலட்சக்கணக்கானோர் சென்றுசேர விரும்பும் நாள் அதுவே. கொடியேற்றத்தையும் தேர்ப்பவனியையும் அறிந்த அளவுக்கு, அந்தத் தேதி ஒரு கருக்காலத்தின் நிறைவு என்பதை நம் ஊர்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

திருப்பலியில் இன்னொரு சிறு செயலையும் கவனிக்கலாம். நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது, இறைமகன் கன்னி மரியாவிடம் உடல் எடுத்து மனிதர் ஆனார் என்ற இடத்தில் ஞாயிறுதோறும் எல்லாரும் தலைவணங்குகிறார்கள். ஆண்டில் இரண்டு விழாக்களில் மட்டும் அந்தச் சொற்களுக்கு முழந்தாளிட வேண்டும் என்பது சட்டம். ஒன்று கிறிஸ்து பிறப்பு விழா. மற்றொன்று மார்ச் 25. இறைமகன் கண்ணுக்குத் தெரியும் குழந்தையாகப் பிறந்த நாளுக்குக் கொடுக்கப்படும் அதே வணக்கம், கண்ணுக்குத் தெரியாத கருவாக இருந்த முதல் நாளுக்கும் கொடுக்கப்படுகிறது. கருவிலுள்ள உயிரைப் பற்றித் திருச்சபை எழுதிய நீண்ட ஆவணங்களைவிட இந்த ஒரு முழந்தாளிடுதல் அதிகம் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஒன்பது மாதக் கணக்கையே தனி மனிதரின் அன்றாட வேண்டுதலாக மாற்றியதுதான் ‘ஆன்மிகத் தத்தெடுப்பு’ என்று அழைக்கப்படும் வழக்கம். இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் சிறு மன்றாட்டு ஒன்று, அமெரிக்காவின் புகழ்பெற்ற மறையுரையாளரான பேராயர் ஃபுல்டன் ஷீன் (1895–1979) பெயரால் வழங்கி வருகிறது. இயேசு, மரியா, சூசை ஆகிய மூவரையும் அழைத்து, தாம் ஆன்மிக முறையில் தத்தெடுத்திருக்கும், கருக்கலைப்பு ஆபத்தில் உள்ள குழந்தையின் உயிரைக் காக்கும்படி வேண்டும் இரண்டே வரிகள் அவை. இந்த வழக்கம் ஓர் இயக்கமாக வேரூன்றிய நாடு போலந்து. கம்யூனிச ஆட்சி நீடித்த 1987-ஆம் ஆண்டில், வார்சா நகரில் பவுலின் துறவியரின் ஆலயத்தில் விசுவாசிகள் சிலர் கூடி இதற்கான வாக்குறுதியை முதன்முதலாக எடுத்தார்கள். பின்னர் அது அந்நாட்டுப் பங்குகள் பலவற்றுக்கும் பரவியது.

போலந்தில் உருவான நடைமுறை எளிமையானது. ஒருவர் தேவாலயத்திலோ வீட்டிலோ வாக்குறுதி சொல்லி, அன்று தொடங்கி ஒன்பது மாதம் நாள்தோறும் செபமாலையின் ஒரு பத்துமணியையும், குழந்தைக்கும் அதன் பெற்றோருக்குமான ஒரு சிறு செபத்தையும் சொல்கிறார். விரும்பினால் நோன்பு, அடிக்கடி நற்கருணை பெறுதல், ஒரு கெட்ட பழக்கத்தைக் கைவிடுதல் போன்ற ஏதேனும் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டுமே. அந்தக் குழந்தை யார், எந்த நாட்டில் இருக்கிறது, ஆணா பெண்ணா என்பது எதுவும் செபிப்பவருக்குத் தெரியாது. இறைவனுக்கு மட்டுமே தெரியும் என்பதே இதன் அடிப்படை. ஒன்பது மாதம் முடிந்த பின்னும் அது பிறந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

புதிதாகக் கேட்பவருக்கு இது விசித்திரமாகப் படலாம். உலகில் ஆபத்திலுள்ள எல்லாக் கருக்களுக்காகவும் ஒரே நாளில் வேண்டிவிட்டுப் போகலாமே, ஏன் ஒரே ஒரு குழந்தை என்று கேட்கலாம். ‘எல்லா உயிர்களையும் காத்தருளும்’ என்று சொல்வது எளிது. சொன்னவுடன் மறந்துவிடுவது அதைவிட எளிது. ஒரு குழந்தை, ஒன்பது மாதம் என்று வரையறுத்துக்கொள்ளும்போது வேண்டுதல் ஒரு தாய் சுமக்கும் காலத்தின் நீளத்தைப் பெறுகிறது. ஐந்தாம் மாதத்தில் சலிப்பு வருகிறது. எதுவும் நடப்பதாகத் தெரிவதில்லை. பிள்ளை சுமப்பவர்களுக்கும் அந்த மாதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கழிகின்றன.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எங்கோ இருக்கும் ஒரு பெண்ணின் முடிவை என் செபம் எப்படி மாற்றும்? அவருடைய மனத்தை இறைவன் பிடித்துத் திருப்பிவிட வேண்டும் என்றா கேட்கிறோம்? கத்தோலிக்க இறையியல் அப்படிச் சொல்வதில்லை; இறையருள் மனித விருப்பத்துக்கு ஒளியும் உரமும் தருமே தவிர அதைக் கட்டாயப்படுத்தாது என்பது அதன் போதனை. ஆகவே இந்த வேண்டுதலின் உள்ளடக்கம், அந்தப் பெண்ணைச் சூழ்ந்திருக்கும் நெருக்கடியைத் தொட்டாக வேண்டும். கைவிட்டுப்போன காதலன், ‘இன்னொரு பெண் குழந்தையா?’ என்று முகம் சுளிக்கும் மாமியார், வேலை போய்விடுமோ என்ற அச்சம், வாடகை, கடன், ஊர்ப்பேச்சு ஆகியவையே பல நேரங்களில் அவரை அந்த முடிவுக்குத் தள்ளுகின்றன. குழந்தையின் பெயரை மட்டும் சொல்லித் தாயைச் சொல்லாமல் விடும் செபம் அரைகுறையானது என்றே நான் நினைக்கிறேன். எலிசபெத்தின் வாழ்த்திலும் ‘பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே’ என்பதுதான் முதலில் வருகிறது. வயிற்றின் கனி அதற்கு அடுத்தே வருகிறது. மரியாவும் அந்த வாழ்த்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அந்த வீட்டிலேயே தங்கினார்.

இந்தச் சமநிலையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, அதாவது மங்கள வார்த்தைத் திருநாளிலேயே, வெளியிட்ட ‘எவாஞ்ஜெலியும் வீத்தே’ என்னும் சுற்றுமடலில் காணலாம். வாழ்வின் நற்செய்தி என்பது அந்தத் தலைப்பின் பொருள். 105 பத்திகள் கொண்ட அந்த மடல், உயிருக்காக உலகெங்கும் ஒரு பெரும் வேண்டுதல் எழவேண்டும் என்று அழைப்பு விடுத்து, மரியாவை நோக்கிய ஒரு செபத்துடன் முடிகிறது. பிறக்க அனுமதிக்கப்படாத குழந்தைகளோடு, வாழ்வதே கடினமாகிப்போன ஏழைகள், வன்முறைக்கு இரையாகும் ஆண்களும் பெண்களும், புறக்கணிப்பாலோ தவறான இரக்கத்தாலோ கொல்லப்படும் முதியோரும் நோயாளரும் என எல்லாரையும் அந்தச் செபம் ஒரே வாக்கியத்தில் மரியாவின் பார்வைக்குக் கொண்டுவருகிறது. கருவிலுள்ள உயிரை மற்ற உயிர்களிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டால் இந்தச் செபத்தின் நோக்கமே பிசகிவிடும்.

அதே மடலின் 99-ஆம் பத்தி, கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களை நோக்கி நேரடியாகப் பேசுகிறது. நடந்தது பெரும் தவறு என்பதை அது மறைக்கவில்லை; ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த வேதனையை அறிந்திருப்பதாகச் சொல்லி, நம்பிக்கையை இழக்க வேண்டாம், ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) இரக்கத்தின் தந்தை மன்னிப்பும் அமைதியும் தரக் காத்திருக்கிறார் என்று அழைக்கிறது. திருச்சபைச் சட்டப்படி கருக்கலைப்புக்குத் திருச்சபையிலிருந்து விலக்கப்படும் தண்டனை உண்டு. இந்தப் பாவத்திலிருந்து விடுவிக்க, பல இடங்களில் ஆயரின் தனி அனுமதி தேவைப்பட்ட காலமும் இருந்தது. 2016-ஆம் ஆண்டு நவம்பரில், இரக்கத்தின் யூபிலி ஆண்டு நிறைவுற்றபோது, திருத்தந்தை பிரான்சிஸ் அந்த அதிகாரத்தை எல்லா அருள்பணியாளர்களுக்கும் நிலையாக வழங்கினார். பிறவாத உயிருக்கான வேண்டுதல் நடக்கும் ஆலயத்தின் கடைசி வரிசையில், இதைக் கடந்துவந்த ஒருவர் யாரிடமும் சொல்லாமல் அமர்ந்திருக்கக்கூடும். விசுவாசிகள் மன்றாட்டை எழுதித்தருபவர்கள் அவரை மனத்தில் வைத்து எழுதினால் சொற்களின் கூர்மை தானாகவே குறையும்.

கருச்சிதைவில் குழந்தையை இழந்த பெற்றோரும் அந்த வரிசைகளில் இருப்பார்கள். திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகள் விண்ணகப் பேரின்பமோ நரக வேதனையோ இல்லாத ‘லிம்போ’ என்னும் இடத்துக்குச் செல்வதாக ஒரு காலத்தில் மறைக்கல்வி வகுப்புகளில் சொல்லப்பட்டது. அது இறையியல் கருத்தாக இருந்ததே தவிர, விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை. இன்றைய மறைக்கல்வி நூல் அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆவணமும் அவர்களுடைய மீட்பை எதிர்நோக்கக் காரணம் உண்டு என்றே முடிக்கிறது. திருமுழுக்கு அளிக்கப் பெற்றோர் எண்ணியிருந்த நிலையில் குழந்தை இறந்துபோனால், ஆயரின் அனுமதியுடன் திருச்சபையின் அடக்கச் சடங்கை நடத்தவும் இடம் உண்டு. இழப்பைச் சந்தித்த பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை.

கருவுற்ற தாய்மார்களுக்காகப் பரிந்து பேசுபவர்களாக வேண்டப்படும் புனிதர்கள் இருவரைக் குறிப்பிட வேண்டும். தென் இத்தாலியில் பிறந்து 1755-இல் தம் 29-ஆம் வயதில் இறந்த துறவுச் சகோதரர் ஜெரார்டு மஜெல்லா பழையவர். அக்டோபர் 16 அவருடைய விழா. மற்றவர் நம் காலத்துக்கு நெருங்கியவர்: மிலான் அருகே மஜெந்தாவில் 1922-இல் பிறந்த குழந்தை மருத்துவர் ஜான்னா பெரெத்தா மொல்லா. நான்காவது குழந்தையைக் கருவுற்றிருந்த 1961-ஆம் ஆண்டில் அவருடைய கருப்பையில் கட்டி இருப்பது தெரியவந்தது. கருப்பையையே முழுவதுமாக அகற்றிவிடுவது ஒரு வழி; அதனால் குழந்தை இறந்துபோகும் என்றாலும், நோயை நீக்குவதே அங்கு நோக்கம் என்பதால் கத்தோலிக்க அறநெறி அந்தச் சிகிச்சையைத் தடைசெய்திருக்காது. இந்த நுணுக்கத்தை விட்டுவிட்டு, திருச்சபைச் சட்டம் அவரைச் சாகக் கட்டாயப்படுத்தியது போலக் கதை சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். தாமே மருத்துவராக இருந்து எல்லாம் அறிந்த அவர், கட்டியை மட்டும் நீக்கிக் கருவைக் காக்கும் அறுவை மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1962 ஏப்ரல் 21, பெரிய சனிக்கிழமை அன்று பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. ஏழு நாள் கழித்துத் தாய் தொற்றினால் இறந்தார். 2004 மே 16 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அந்த மகளும் கணவர் பியெத்ரோவும் வத்திக்கான் வளாகத்தில் இருந்தார்கள்.

சமூகமாகச் செய்யும் வேண்டுதலுக்கு நல்ல முன்மாதிரி, 2010 நவம்பர் 27 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனித பேதுரு பேராலயத்தில் நடத்திய திருவிழிப்பு. திருவருகைக் காலத்தின் முதல் மாலைச் செபத்தோடு அதை இணைத்து, எல்லா மறைமாவட்டங்களும் அதே நேரத்தில் தத்தம் இடங்களில் நடத்தும்படி அவர் கேட்டிருந்தார். நற்கருணை ஆராதனை, செபமாலையின் மகிழ்ச்சி மறைநிகழ்வுகள் (இயேசுவின் பிறப்பையும் இளமையையும் பற்றிய ஐந்து தியானங்கள்), சிறிது நேர மௌனம், மன்றாட்டுகள், ஆசீர் என்று ஒரு பங்கில் ஒரு மணி நேரத்துக்குள் இதை நடத்திவிடலாம். அங்கு கருவுற்ற பெண்கள் இருந்தால், அவர்களுக்குத் தனியாக ஆசி வழங்குவது பொருத்தம். கருவிலுள்ள குழந்தைக்கென்றே ஓர் ஆசிச் சடங்கை அமெரிக்க ஆயர்கள் தயாரித்து, வத்திக்கானின் ஒப்புதலுடன் 2012-இல் வெளியிட்டார்கள்.

இந்தியாவில் இந்த வேண்டுதலின் பின்னணி ஓரளவு வேறுபட்டது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சில நிபந்தனைகளுடன் மருத்துவர் வழியாகக் கருக்கலைப்பை அனுமதிக்கிறது; 2021-இல் வந்த திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்கு அதன் கால எல்லையை 24 வாரம் வரை நீட்டியது. திருச்சபையின் நிலைப்பாடு இதோடு ஒத்துப்போவதில்லை. ஆனால் பெண் என்பதற்காகவே கருவை அழிக்கும் கொடுமையில் நாட்டுச் சட்டமும் திருச்சபையும் ஒரே பக்கம் நிற்கின்றன. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994-இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தமிழ்நாடு அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளை வரம் கேட்டு வேளாங்கண்ணியில் தொட்டில் காணிக்கை செலுத்தும் அதே மண்ணில்தான் இதுவும் நடந்தது. தமிழ்ப் பங்குகளில் எழுதப்படும் மன்றாட்டுகள் பெண் சிசுவை வெளிப்படையாகப் பெயர் சொல்லி வேண்ட இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தொடங்க விரும்புபவர் மார்ச் 25-க்காகக் காத்திருக்கலாம். அது கிறிஸ்து பிறப்பன்று நிறைவடையும். புனித வாரத்திலோ, உயிர்ப்பு ஞாயிறு முதல் எட்டு நாள் நீளும் பாஸ்கா எண்கிழமையிலோ அந்தத் தேதி அமைந்துவிட்டால் விழா தள்ளிவைக்கப்படும்; 2024-இல் அது ஏப்ரல் 8 அன்று கொண்டாடப்பட்டது. ஆனால் வேண்டுதலை வேறு எந்த நாளிலும் தொடங்கத் தடையில்லை. பதிவேடும் கட்டணமும் தேவையில்லை. அந்த ஒரு பத்துமணியைச் சொல்லும்போது மகிழ்ச்சி மறைநிகழ்வுகளில் முதலாவதான மங்கள வார்த்தையையோ, இரண்டாவதான மரியா–எலிசபெத்து சந்திப்பையோ எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு நாள் மறந்துபோனால் அது பாவமாகாது. இது துறவியர் எடுக்கும் வார்த்தைப்பாடு போன்றதன்று. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நெடுநாள் விட்டுப்போயிருந்தால், இன்னொரு குழந்தைக்காக முதல் நாளிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கலாம்.